வெளிநாட்டு வருமானத்துடன் லிஸ்பனில் குடியேறுவது: கையில் எவ்வளவு மிஞ்சும்?

கோவைக் கதிர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் இருந்தபடி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை செய்து தருகிறேன். அவர்களின் ஊழியன் அல்லன். ஒப்பந்த அடிப்படையில் மாதந்தோறும் 6,000 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறேன். மனைவி சென்னை நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே பணிபுரிகிறார். மகளுக்கு எட்டு வயது.

இந்த வருமானத்தை வைத்துக்கொண்டு போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் சில ஆண்டுகள் வாழலாம் என்று இருவரும் எண்ணுகிறோம். தொலைதூரப் பணியாளர்களுக்கான டி8 விசாவுக்கு என் வருமானம் போதுமானது என்று தெரிகிறது. ஆனால் அதற்கு அப்பால் நான் படிப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குப் பத்து ஆண்டுகள் வரிச் சலுகை உண்டு என்று ஒரு காணொளி சொல்கிறது. அதெல்லாம் முடிந்துவிட்டது என்று இன்னொன்று சொல்கிறது. ஐந்து ஆண்டுகளில் பாஸ்போர்ட் கிடைக்கும் என்பதும் அப்படியே இருக்கிறது. வரி, வாடகை, மகளின் பள்ளி ஆகியவை போக மாதம் எவ்வளவு மிஞ்சும், மனைவி தற்போதைய வேலையைத் தொடர இயலுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். ஊரில் வீட்டுக்கடன் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் தோராயமாகக் கணக்குப் போட்டுக் கிளம்பும் நிலையில் நான் இல்லை.

அல்மாடாவாசி எழுதியது:

வணக்கம் கதிர். நான் லிஸ்பனுக்கு எதிர்க்கரையில், தேஜோ ஆற்றுக்குத் தெற்கே அல்மாடாவில் வசிக்கிறேன். வரிக் கணக்கை அதில் தேர்ந்தவர்களுக்கு விட்டுவிட்டு விசாவையும் வீட்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டி8 விசா 2022 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகலின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் இருக்க வேண்டும் என்பதே அதன் அளவுகோல். அந்த ஊதியம் 2025-இல் 870 யூரோ, 2026-இல் 920 யூரோ. ஆகவே 2026-இல் மாதம் 3,680 யூரோ காட்ட வேண்டும். துணைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதியும் குழந்தைக்கு 30 விழுக்காடும் சேர்த்தாலும் உங்கள் 6,000 டாலர், அதாவது ஏறத்தாழ 5,150 யூரோ, அதைத் தாண்டிவிடுகிறது. கடைசி மூன்று மாத வருமானச் சான்று, நிறுவனத்துடன் உள்ள ஒப்பந்தம், சேமிப்பு இருப்பு, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறைத் தடையின்மைச் சான்று, திருமண, பிறப்புச் சான்றிதழ்களுக்கு அவை வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் முத்திரை ஆகியவை தேவைப்படும். விசா நான்கு மாதங்களுக்குத்தான் வழங்கப்படும். அதற்குள் இங்கே வந்து, குடியேற்ற அலுவலகமான ஐமாவில் வசிப்பு அட்டைக்கு விரல்ரேகை கொடுக்க வேண்டும். முதல் அட்டை இரண்டு ஆண்டுகளுக்கும், புதுப்பித்த அட்டை மூன்று ஆண்டுகளுக்கும் செல்லுபடியாகும். பழைய எஸ்.இ.எஃப். அமைப்பைக் கலைத்து 2023 அக்டோபரில் ஐமா தொடங்கப்பட்டபோதே சுமார் நான்கு லட்சம் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. எனவே அட்டை கைக்கு வரும் வரை ஊருக்குப் போய்வரும் திட்டம் எதையும் உறுதியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

2025 அக்டோபரில் குடியேற்றச் சட்டம் இறுக்கப்பட்டது. குடும்பத்தைப் பின்னர் அழைத்துக்கொள்ளப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் இங்கே சட்டப்படி வசித்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத குழந்தைக்கும் அக்குழந்தையின் மறு பெற்றோருக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது என்பதால் உங்கள் குடும்பம் தப்பிக்கிறது. குழந்தை இல்லாத தம்பதியர் இதை வாசித்தால் நன்கு விசாரித்துக்கொள்ளட்டும்.

குடியுரிமையைப் பொறுத்தவரை ஐந்து ஆண்டுக் கணக்கை மறந்துவிடுவது நல்லது. இந்தியர் உள்ளிட்ட பெரும்பாலான வெளிநாட்டவருக்கு அதைப் பத்து ஆண்டுகளாக உயர்த்தும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 அக்டோபரில் நிறைவேற்றியது. டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைத் தடுத்தது. பத்து ஆண்டுகள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அதை நீங்கள் விரும்புவீர்களா என்பதே வேறு கேள்வி.

உண்மையான சிக்கல் வீடுதான். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பெரும்பாலும் ஓராண்டு வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். நேரில் பார்க்காமல் அதில் கையெழுத்திட வேண்டிய நிலை. முன்கூட்டியே கட்டும் வாடகையாக இரண்டு மாதமும், திரும்பப் பெறும் வைப்பாக இரண்டு மாத வாடகையும்தான் சட்டம் அனுமதிக்கும் உச்சம். ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாத வெளிநாட்டவரிடம் ஆறு மாதம், ஓராண்டு என்று கேட்பது இங்கே சாதாரணம். ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அதற்கு ஒரு மாத வாடகையில் பத்து விழுக்காடு முத்திரைத் தீர்வை. "பதிவு வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்பவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவில்லாத ஒப்பந்தம் உங்கள் முகவரிச் சான்று ஆகாது.

இரண்டு படுக்கையறை வீட்டை இங்கே டி2 என்பார்கள். லிஸ்பனுக்குள் அது 1,500 முதல் 1,900 யூரோ அளவிலும், அல்மாடா, அமதோரா, ஒதிவெலாஷ் போன்ற சுற்றுப்புறங்களில் சற்றுக் குறைவாகவும் கிடைக்கும். கசில்யாஷ் துறையிலிருந்து படகில் பத்து நிமிடங்களில் நகரின் நடுப்பகுதிக்குப் போய்விடலாம். பெருநகரப் பகுதி முழுவதற்குமான மாதப் பயணச் சீட்டு 40 யூரோ. பேருந்து, மெட்ரோ, ரயில், படகு எல்லாம் அதில் அடக்கம். உங்கள் மகளுக்கு அது இலவசம்.

வெயில் நாடு என்று நம்பி வருகிறவர்களைக் குளிர்காலம் வீட்டுக்குள்தான் பிடிக்கும். பழைய கட்டடங்களில் மைய வெப்ப வசதி கிடையாது. கண்ணாடி ஒற்றை அடுக்கு. அட்லாண்டிக் ஈரம் சுவரில் இறங்கும். வீடு பார்க்கும்போது படுக்கையறை அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். வடக்கு நோக்கிய அறையென்றால் அங்கே கருப்பாகப் பூசணம் படர்ந்திருக்கும். அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை இரவெல்லாம் ஓடவிட்டால் காலையில் அதன் தொட்டியில் லிட்டர் கணக்கில் நீர் நிற்கும். அதற்கான மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மயிலை ஆடிட்டர் எழுதியது:

கதிர் அவர்களுக்கு, முதலில் அந்தக் காணொளி விவகாரம். 2009-இல் தொடங்கிய பத்தாண்டு வரிச் சலுகைத் திட்டம் 2024 ஜனவரி முதல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாக வந்த திட்டம் அறிவியல் ஆய்வு, தகுதி பெற்ற நிறுவனங்களில் குறிப்பிட்ட உயர்திறன் பணிகள் போன்றவற்றுக்கானது. அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு இன்வாய்ஸ் அனுப்பும் தனிநபர் பொதுவாக அதற்குள் வரமாட்டார்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பணம் அமெரிக்காவிலிருந்து வருகிறது என்பதால் அது போர்ச்சுகலுக்கு வெளிநாட்டு வருமானம் என்று எண்ணிவிடுகிறார்கள். பன்னிரண்டு மாதக் காலத்தில் 183 நாட்களுக்கு மேல் தங்கினாலோ, நிலையாக வாழும் நோக்கத்துடன் வீடு வைத்திருந்தாலோ நீங்கள் அந்நாட்டின் வரி வசிப்பாளர். உங்கள் உலகளாவிய வருமானம் அங்கே கணக்குக்கு வரும். அதிலும் வேலையை நீங்கள் லிஸ்பனில் உட்கார்ந்து செய்கிறீர்கள். பணம் எந்த நாட்டு வங்கியில் விழுகிறது என்பது இதில் எதையும் மாற்றாது.

இப்போது கணக்கு. ஆண்டுக்கு 61,800 யூரோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அங்கே சுயதொழில் பதிவு செய்து, ரெசிபோ வெர்தே எனப்படும் மின்ரசீது வழியாகப் பில் போடுவீர்கள். ‘எளிய முறை’ எனப்படும் வரிக் கணக்கு முறையில் உங்களைப் போன்ற தொழில்முறைச் சேவைக்கு மொத்த வரவில் 75 விழுக்காடு வரிக்குரிய வருமானம். தொழில் தொடங்கிய ஆண்டில் இந்த விகிதம் பாதியாகவும், அடுத்த ஆண்டில் கால்பங்கு குறைவாகவும் கணக்கிடப்படும். சமூகப் பாதுகாப்புக்கு வரவின் 70 விழுக்காட்டின் மீது 21.4 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு. முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

மனைவிக்கு வருமானம் இல்லை என்றும், இருவரும் கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்கிறீர்கள் என்றும் கொண்டால், முழு ஆண்டாக அமையும் முதலாண்டில் வருமான வரி சுமார் 3,100 யூரோ. சமூகப் பாதுகாப்பு இல்லை. மாதம் 4,900 யூரோ வரை கையில் நிற்கும். மூன்றாம் ஆண்டில் வரி 8,500 அளவுக்கும் சமூகப் பாதுகாப்பு 9,250 அளவுக்கும் போய்விடும். மாதம் 3,670 யூரோதான் மிஞ்சும். முதலாண்டுச் செழிப்பைப் பார்த்துப் பெரிய வீட்டுக்கும் சர்வதேசப் பள்ளிக்கும் ஒப்புக்கொள்கிறவர்கள் மூன்றாம் ஆண்டில்தான் தவிக்கிறார்கள். நீங்கள் இப்போது இந்தியாவில் ஊக வருமான முறையில், அதாவது வரவில் ஒரு பங்கை மட்டும் இலாபமாகக் கொள்ளும் முறையில், கணக்குக் காட்டுகிறவராக இருந்தால், சுமார் 63 லட்சம் ரூபாய் வரவுக்கு ஐந்தரை லட்சம் அளவில் வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதாவது ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே அது ஏறத்தாழ 29 விழுக்காடு ஆகிறது. அதற்கு ஈடாக மருத்துவம், பள்ளி, பிற்கால ஓய்வூதிய உரிமை ஆகியவை கிடைக்கின்றன என்பதும் உண்மை. அவற்றுக்கு என்ன விலை வைப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியப் பக்கத்தில் சில வேலைகள் உள்ளன. அன்னியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும் சேமிப்புக் கணக்கை அத்தகையவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை வைத்திருக்கலாம். அதன்பின் நீட்டிக்க இயலாது. கோவை வீட்டை வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர் வாடகையில் 31.2 விழுக்காடு வரி பிடித்துக் கட்ட வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் பல குடித்தனக்காரர்கள் பின்வாங்குகிறார்கள். அந்த வாடகையைப் போர்ச்சுகல் கணக்கிலும் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரிக்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி அங்கே வரவு கிடைக்கும். அமெரிக்க வரி வசிப்பாளர் அல்லர் என்று காட்ட அந்நிறுவனத்துக்குக் கொடுத்த டபிள்யூ-8பென் படிவத்தையும் புதிய முகவரியுடன் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

தேன்மொழி எழுதியது:

கதிர் அண்ணா, உங்கள் மனைவியின் வேலையையும் மகளின் பள்ளியையும் பற்றி நான் சொல்கிறேன். என் கணவர் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்கு இங்கிருந்தே வேலை செய்கிறார். நான் சென்னை நிறுவனம் ஒன்றில் ஊழியராக இருந்தபடியே இங்கு வந்தேன்.

முதல் தடை கடிகாரம். குளிர்காலத்தில் லிஸ்பன் இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. கோடையில் நாலரை மணி நேரம். சென்னையில் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் கூட்டம் குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை நான்கு மணி. நண்பகலுக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மாலை ஏழு மணிக்கே கண் சொருகும். உங்கள் அமெரிக்கக் கூட்டங்களோ மாலையிலும் இரவிலும் இருக்கும். ஒருவர் எழும் நேரத்துக்கும் மற்றவர் உறங்கும் நேரத்துக்கும் இடையே குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது தடை நிறுவனத்தின் சம்மதம். ஊழியர் வேறு நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தால் அந்நாட்டில் நிறுவனத்துக்கே வரிப் பொறுப்பும் சமூகப் பாதுகாப்புப் பொறுப்பும் வந்துசேரலாம் என்று மனிதவளத் துறையினர் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானதே. இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2017 முதல் நடப்பில் உள்ளது. நிறுவனமே ஓர் ஊழியரை இங்கே அனுப்பும்போது வருங்கால வைப்பு நிதி அமைப்பு தரும் சான்றிதழைக் காட்டி இங்கே கட்டுவதைத் தவிர்க்கலாம். தானே விரும்பிக் குடிபெயர்கிற ஊழியருக்கு அது தானாகப் பொருந்திவிடாது. எனவே எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல், இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்ற யோசனையை உங்கள் மனைவிக்கு யாரும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குடும்ப இணைப்பில் அட்டை பெறுகிறவர் இங்கே வேலை பார்க்கத் தடையில்லை. ஆனால் உள்ளூர்ச் சம்பளங்களைக் கண்டால் மனம் சோர்ந்துவிடும்.

பள்ளிக்கு நான் அரசுப் பள்ளியையே பரிந்துரைப்பேன். கட்டணம் இல்லை, வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போர்த்துகீசியத்தைத் தாய்மொழி அல்லாத மொழியாகக் கற்பிக்கும் தனிப் பாடத்திட்டம் உண்டு. எட்டு வயதுக் குழந்தை முதல் சில மாதங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்; பெற்றோருக்குத்தான் அது தாங்காது. பிறகு மருந்துக்கடையில் நமக்காகப் பேசுவது அந்தக் குழந்தையாகத்தான் இருக்கும். சர்வதேசப் பள்ளிகளில் பலவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும். ஆடிட்டர் ஐயா சொன்ன 3,670 யூரோவில் அது அடங்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 920 யூரோ குறைந்தபட்ச ஊதியம் உள்ள நாட்டில் 1,600 யூரோ வாடகையைத் தயங்காமல் கொடுக்கிறவர்களாக நாம் வந்து இறங்குகிறோம். 2023-இல் வீட்டு வாடகைக்கு எதிராகப் போர்ச்சுகலின் பல நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கியபோது அவர்கள் கோபத்தின் ஒரு பங்கு நம்மைப் போன்ற வருமானக்காரர்கள் மீதும் இருந்தது. அதே நேரத்தில் தெருவில் நடக்கும்போது நம்மை அமெரிக்கச் சம்பளக்காரராக யாரும் பார்ப்பதில்லை. தெற்காசியர் என்றுதான் பார்க்கிறார்கள். அரிசி, பருப்பு வாங்க நாம் எல்லோரும் போகிற மார்ட்டிம் மொனிஸ் பக்கத்தில், பென்ஃபோர்மோசோ தெருவில், 2024 டிசம்பரில் காவல்துறையினர் குடியேறியவர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சோதனையிட்ட படம் நாடெங்கும் விவாதமானது. அடுத்த மாதமே அதைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் பேரணி நடத்தினார்கள். அவர்களில் போர்த்துகீசியர்களும் பலர். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த ஊர். அண்டை வீட்டார் பொதுவாகப் பண்பானவர்கள். "போம் தியா" (காலை வணக்கம்) சொல்லாமல் மின்தூக்கியில் ஏறுவதைத்தான் அவர்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கோவைக் கதிர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 3,670 யூரோவில் வாடகையும் வீட்டுக்கடன் தவணையும் போனால் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறில் குடும்பம் நடத்த வேண்டும் என்று தெரிகிறது. இயலாதது அன்று, ஆனால் சேமிப்பு என்று எதுவும் இராது. மனைவி தம் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கப்போகிறார். ஆடிட்டர் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. அங்கே பள்ளி செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது என்பதால் அதற்குமுன் போய்ச் சேரலாம் என்று நினைத்தோம். வரிக் கணக்கில் எந்த மாதம் கிளம்புவது என்பதால் வேறுபாடு உண்டா?

மயிலை ஆடிட்டர் எழுதியது:

உண்டு; அதுவும் இரு நாடுகளிலும் எதிரெதிர்த் திசையில். நமக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன் கிளம்பினால், தொழிலுக்காக வெளிநாடு செல்கிறவர் என்ற முறையில் இங்கே 182 நாட்கள் நிறைவடைவதற்குள் வெளியேறிவிடுகிறீர்கள். அந்த நிதியாண்டுக்கே வசிப்பாளர் அல்லாதவர் ஆகலாம். போர்ச்சுகலிலோ கணக்கு ஜனவரியில் தொடங்குகிறது. செப்டம்பரில் தொழில் பதிவு செய்தால், பாதி விகிதச் சலுகை அந்த நான்கு மாதங்களோடு முடிந்து, ஜனவரியிலேயே இரண்டாம் ஆண்டு விகிதம் வந்துவிடும். ஜனவரியில் பதிவு செய்தால் அந்தச் சலுகை பன்னிரண்டு மாதங்களுக்கும் கிடைக்கும். முதல் முழு ஆண்டில் மட்டும் இதனால் 2,400 யூரோ அளவில் வேறுபாடு. சமூகப் பாதுகாப்பு விலக்கு மாதக் கணக்கில் ஓடுவதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை.

ஜனவரியில் போனால் அந்த நிதியாண்டு முழுவதும் நீங்கள் இந்தியாவின் வரி வசிப்பாளராக இருப்பீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாத வரவுக்கு இரு நாடுகளும் உரிமை கோரும். ஒப்பந்தத்தின்படி அதைத் தீர்த்துக்கொள்ள வழி உண்டு. வரியை மட்டும் பார்த்தால் நான் ஜனவரியைத்தான் சொல்வேன். பள்ளிக்காகச் செப்டம்பர் என்று முடிவெடுத்தால், அந்த 2,400 யூரோவைப் பள்ளிச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். எப்படியும் விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும் தேதிதான் இதைத் தீர்மானிக்கும். அதற்குமுன் விமானச் சீட்டு எடுக்காதீர்கள், வாடகை ஒப்பந்தத்தின் தொடக்க நாளையும் அதற்கேற்பத் தள்ளிப்போடும் வசதியுடன் எழுதச் சொல்லுங்கள்.